கணவன் இருக்கிறான் என்ற கணக்கு

தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றின் ரேஷன் ஸ்மார்ட் கார்டைக் கையில் எடுத்தால், முகப்பில் பெரும்பாலும் மாமனாரின் படம் இருக்கும். உறுப்பினர் பட்டியலில் அவருக்கு அடுத்து மாமியார், பிறகு மகன்கள். கடைசி வரியில் புதிதாகச் சேர்த்த மருமகளின் பெயர். அவளுக்கு 19 வயது என்றும், கணவன் ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான் என்றும் வைத்துக்கொள்வோம். ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இப்படிப்பட்ட வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. அப்பா வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கி, அதற்கான சான்றை வாங்கி, இ-சேவை மையத்தில் ஏற்றி இங்கே சேர்த்திருக்கிறார்கள். ரேஷன் கடையின் அரிசிக் கணக்கில் அவளும் ஒரு தலை. ஆனால் பணமாக வரும் உதவி எதிலும் அவளுடைய பெயர் இல்லை. அரசு அவளைக் கைவிட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அவளைக் கவனிக்க வேறொருவர் இருக்கிறார் என்று அரசு நினைக்கிறது. அந்த வேறொருவர் அவளுடைய கணவன். நம் நலத்திட்ட விதிகளில் எங்கும் எழுதப்படாமல், எல்லா விதிகளுக்கும் அடியில் ஓடுகிற இந்தக் கணக்கு இளம் மனைவிகளின் விஷயத்தில் தவறிப்போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் வயதுகளைப் பார்ப்போம். 18 முடிந்த பெண் திருமணம் செய்துகொள்ளலாம், ஓட்டுப் போடலாம், கம்பெனி பஸ் ஏறி ஆலையில் நைட் ஷிப்ட் வேலைக்கும் போகலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெற அவளுக்கு 19 ஆகியிருக்க வேண்டும். 1987-இல் ₹300-இல் தொடங்கிய இந்தத் திட்டம் 2006-இல் ₹6,000, 2011-இல் ₹12,000 என உயர்ந்து இன்று ₹18,000 ஆகியிருக்கிறது. ரொக்கம் ₹14,000, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் எளிதில் ஈடு சொல்ல முடியாத உதவி இது. ஆனால் 18 முடிந்த மறுநாள் முறைப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பத்தாம் மாதம் பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு 19 நிறைந்திருக்காது. அவள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, ஆனாலும் திட்டத்துக்கு வெளியே நிற்கிறாள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வைத்த வேலி, சட்டப்படி நடந்த திருமணத்தின் மீதும் பாய்கிறது. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் ₹6,000-க்குக் குறையாத மகப்பேறு உதவி உண்டு என்கிறது. அரசில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் போன்ற சிலருக்குத்தான் அதில் விலக்கு. வயதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது. வயது வரம்பு பிறகு வந்த திட்ட வழிகாட்டிகளில் நுழைந்த சரக்கு.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. மாதம் ₹1,000. பெயரிலேயே ‘உரிமை’ இருக்கிறது, அது நல்ல சொல். ஆனால் அந்த உரிமை 21 வயதில்தான் பிறக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் ₹2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கருக்கும் புன்செய் என்றால் 10 ஏக்கருக்கும் மிகக் கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. இவை வசதியை அளக்கும் விதிகள், இவற்றில் நியாயம் இருக்கிறது. வயதும் அட்டையும்தான் சிக்கல். ஓர் அட்டைக்கு ஒரு பெண். குடும்பத் தலைவர் ஆண் என்றால் அவருடைய மனைவி தலைவியாகக் கருதப்படுவார். தகுதியுள்ள பெண்கள் பலர் இருந்தால் குடும்பமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். மாமியார் இருக்கும் வீட்டில் அந்தத் தேர்தல் முடிவு என்னவாக இருக்கும் என்று ஊருக்கே தெரியும். (திட்டம் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே அட்டையின் முகப்புப் படத்தை மாற்ற மக்கள் வட்ட வழங்கல் அலுவலகங்களுக்கு ஓடியதும், அப்படி மாற்றத் தேவையில்லை என்று அமைச்சரே விளக்கம் சொன்னதும் நினைவிருக்கலாம். அட்டையின் படம் என்பது வீட்டின் அதிகாரப் படம் என்று மக்கள் அன்றே சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.) இன்னொரு விதி இன்னும் நெருக்கமானது. முதலில் வந்த விதிகளின்படி, வீட்டில் யாராவது முதியோர் உதவித்தொகை வாங்கினால் அந்தக் குடும்பமே தகுதி இழந்தது. மாமனாருக்கு ஓய்வூதியம் வருகிறது என்பதற்காக மருமகளின் உரிமை போனது. எதிர்ப்பு வந்தபின் 2023 ஆகஸ்டில், முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் உள்ள குடும்பத்தின் மற்ற பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று தளர்த்தினார்கள். இந்தத் தளர்வு முக்கியமான சாட்சி. ஒருவர் பெறும் உதவியைக் காட்டி இன்னொருவரின் உதவியை மறுப்பது தவறு என்று அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது.

கர்நாடகத்துக் கதையும் வேறல்ல. அங்கே 2023 ஆகஸ்ட் 30 அன்று மைசூரில் தொடங்கிய கிருஹ லட்சுமி திட்டத்தில் மாதம் ₹2,000. ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவியாக இருக்கும் பெண்ணுக்குத்தான் அது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வீட்டில் 18 நிறைந்த பெண்களில் மூத்தவரே அட்டைக்குத் தலைவி என்கிறது. பெண்ணைத் தலைவியாக்கிய முற்போக்கான பிரிவுதான். ஆனால் அதன் மேல் பணத்தைக் கட்டியவுடன் மாமியாருக்கா மருமகளுக்கா என்ற பட்டிமன்றம் கர்நாடகம் முழுக்க நடந்தது. அட்டைப்படி தலைவியான மாமியாருக்கே என்று அரசுத் தரப்பு சொன்னது. ஆக, ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போனாலும் நம் 19 வயதுப் பெண்ணின் நிலை மாறப்போவதில்லை. ஆனேக்கல்லுக்கும் தளிக்கும் இடையே பெண் கொடுத்து எடுப்பது தலைமுறைகளாக நடப்பது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர்கள் இவை. அப்படி எல்லை தாண்டிப் போன பெண்ணுக்கு ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் தானியம் கூடவே வரும், உதவித்தொகை வராது. இங்கே பெயர் நீங்கிவிட்டது, அங்கே பெயர் இன்னும் ஏறவில்லை என்ற இடைக்காலம் எத்தனை மாதம் நீளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இந்தக் கணக்கின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் ஓய்வூதிய விதிகளுக்குப் போக வேண்டும். தமிழ்நாடு 1975-இல் ஆதரவற்ற விதவைகளுக்கு ஓய்வூதியம் தொடங்கியது. 18 வயது நிறைந்திருந்தால் போதும். மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் 40 வயதில்தான் ஆரம்பிக்கிறது என்பதை நினைத்தால் மாநிலத்தின் பெருந்தன்மை புரியும். 1986-இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஓய்வூதியம் வந்தது. ஆனால் அதற்கு வயது 30 ஆகியிருக்க வேண்டும். அதோடு சட்டப்படி மணமுறிவு ஆகியிருக்க வேண்டும், அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது பிரிந்து வாழ்வதற்கு நீதிமன்றச் சான்று இருக்க வேண்டும். இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 20 வயதுப் பெண்ணின் கணவன் ஆலை விபத்தில் இறந்தால் அவள் உடனே விண்ணப்பிக்கலாம். அதே வயதுப் பெண்ணின் கணவன் பொம்மசந்திராவில் வேலை கிடைத்தது என்று போனவன் போனை மாற்றிவிட்டு வராமல் போனால், அவள் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அடுப்பில் உலை கொதிப்பதும் பிள்ளைக்குப் பால் வாங்குவதும் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். வேறுபாடு, ஒரு வீட்டில் கணவன் இல்லை என்பது உறுதி, மற்ற வீட்டில் கணவன் எங்கோ இருக்கிறான் என்பது உறுதி. எங்கோ இருக்கிற கணவன் சோறு போடுவான் என்று விதி நம்புகிறது. அவன் போடாவிட்டால் 30 வயதுக்குள் அவள் தாய்வீடு போடும், அல்லது இன்னொரு கல்யாணம் நடக்கும் என்றும் அது நம்புவதாகத்தான் தோன்றுகிறது. 30 என்ற எண்ணுக்கு வேறெந்த நியாயமும் எனக்குத் தட்டுப்படவில்லை.

இப்படி நம்புவது நாம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 1942-இல் வந்த பெவரிட்ஜ் அறிக்கை, திருமணமான பெண்ணைக் கணவனின் சந்தாவில் ஒட்டிக்கொண்டவளாகவே பார்த்தது. அங்கே 2019 மே 15 முதல், தம்பதியரில் ஒருவர் ஓய்வூதிய வயதைத் தொட்டும் மற்றவர் தொடவில்லை என்றால், இளையவர் அந்த வயதை அடையும் வரை அவர்கள் புதிதாக ஓய்வூதியர் உதவியைக் கேட்க முடியாது. உழைக்கும் வயதினருக்கான, தொகை குறைந்த உதவியைத்தான் கேட்க வேண்டும். நெதர்லாந்தில் இதற்கு நேர்மாறாக, ஓய்வூதியரின் வயது குறைந்த துணைக்கென்று கூடுதல் தொகையே கொடுத்துவந்தார்கள். 2015 முதல் புதிதாக வருபவர்களுக்கு அதையும் நிறுத்தினார்கள், இளைய துணை தானே சம்பாதிக்கலாமே என்ற எண்ணத்தில். அங்கெல்லாம் சிக்கல் 60-க்கும் 67-க்கும் இடைப்பட்ட வயதில் வருகிறது, இங்கே 18-க்கும் 30-க்கும் இடையில். ஆனால் கேள்வி ஒன்றுதான். உதவி ஆளுக்கா, ஜோடிக்கா, வீட்டுக்கா?

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே ஒரு தெளிவான விடை இருக்கிறது, அதுவும் ஓசூர் ஆலைகளின் கேட்டுக்கு உள்ளேயே. 1948-இல் வந்த ஈ.எஸ்.ஐ. ஏற்பாட்டில் தொழிலாளியின் குடும்பம் என்றால் முதல் பெயர் வாழ்க்கைத் துணை. அவளுக்கு 19 ஆனதா, 21 ஆனதா என்று யாரும் கேட்பதில்லை. மாதச் சம்பளம் ₹21,000-க்குள் இருந்து அவன் பெயர் ரோலில் இருந்தால், மனைவிக்கும் மருத்துவம் உண்டு. வேலையில் விபத்து நேர்ந்து அவன் இறந்தால், சார்ந்தோர் உதவியாகக் கிடைக்கும் 90 சதவீதச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, மறுமணம் வரை அல்லது ஆயுள் வரை. பி.எஃப்.-ஓடு வரும் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டமும் விதவையிடம் குறைந்தபட்ச வயது கேட்பதில்லை. சந்தா கட்டியவனின் மனைவியிடம் வயது கேட்காத நாடு, சந்தா கட்ட முடியாதவனின் மனைவியிடம் மட்டும் வயது கேட்கிறது. கம்பெனி ரோலில் இருக்கும் ஃபிட்டரின் மனைவிக்கு ஒரு சட்டம், தளி பக்கம் பூத்தோட்டத்தில் கூலிக்குப் போகிறவனின் மனைவிக்கு ஒரு சட்டம். சந்தா கட்டியவனுக்கு உரிமை கூடுதல் என்று வாதிடலாம், தொகை அளவில் அது சரியும்கூட. மனைவி எந்த வயதில் மனைவியாகிறாள் என்பதற்குச் சந்தாவோடு என்ன தொடர்பு?

சரி, கணவன் தாங்க வேண்டும் என்றால் தாங்க வைக்கச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நல்ல சட்டம்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் புகழ்பெற்ற 125-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வசதியிருந்தும் மனைவியைக் கவனிக்காதவனை மாதாமாதம் ஜீவனாம்சம் தரச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அவன் பெங்களூரில் இருந்தாலும் அவள் தான் வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். உத்தரவை அவன் இருக்கும் ஊரிலும் நிறைவேற்றலாம். கட்டாமல் ஏமாற்றினால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, கூடுமானவரை நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளில் முடிக்க வேண்டும். 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் இரு தரப்பும் வருமானத்தை உறுதிமொழிப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் இந்தத் தொழிற்பேட்டையின் இளைஞன் ஆறு மாதம் ஒரு கான்ட்ராக்டரிடம், அடுத்த ஆறு மாதம் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேறொருவரிடம் வேலை பார்ப்பவன். சம்பளம் கையில் வரும், சீட்டு வராது. அவனுக்கு நோட்டீஸ் சேர்வதற்குள் முகவரி இரண்டு முறை மாறியிருக்கும். சட்டம் அவனுடைய கடமையை எழுதிவைத்திருக்கிறது, அரசு அந்த எழுத்தையே அவளுடைய வருமானமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அதே பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு துணைவிதி இருக்கிறது. திருமணமான பெண் இன்னும் 18-ஐத் தொடாதவளாக இருந்து, கணவனுக்குப் போதிய வசதி இல்லை என்று மாஜிஸ்திரேட் கருதினால், அவள் மேஜர் ஆகும் வரை அவளுடைய தந்தையே பராமரிப்புத் தொகை தர உத்தரவிடலாம். இளம் மனைவியின் கணவன் வசதியில்லாதவனாக இருப்பான் என்று முன்கூட்டியே ஊகித்த விதி இது. ஊகம் கெட்டிக்காரத்தனமானது, நிவாரணம்தான் வேடிக்கை. அவளை அந்த வயதில் கட்டிக்கொடுத்த அதே தந்தையின் மீது அவள் வழக்குப் போட வேண்டும்.

குழந்தைத் திருமணத்தை ஒதுக்கிவிட்டு கிருஷ்ணகிரியைப் பற்றி இந்த விஷயத்தில் பேச முடியாது. 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதியைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமிக்குப் பெங்களூரில் கட்டாயத் திருமணம் நடந்ததும், அவளைத் தூக்கிச் செல்லும் காட்சி பரவியதும், கைதுகள் நடந்ததும் செய்தியாயின. அங்கே உயர்நிலைப் பள்ளிக்குப் போவதே பயணம்தான். பெற்றோர் வாரக்கணக்கில் பெங்களூர் கட்டட வேலையில் இருப்பார்கள், வீட்டில் பெண் தனியாக இருப்பது பயம். அக்காள் மகளை மாமனுக்குக் கட்டுகிற வழக்கமும் தேயவில்லை. எல்லை இதில் விசித்திரமாகக் குறுக்கிடுகிறது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குழந்தைத் திருமணம் பொதுவாகச் செல்லத்தான் செய்யும். சிறுவயதில் மணமானவர் விரும்பினால், மேஜரான இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட்டு அதை ரத்து செய்யலாம். கர்நாடகமோ 2017-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் இத்தகைய திருமணத்தைத் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கிவிட்டது. கடுமையாக இருப்பதால் கர்நாடகச் சட்டமே மேல் என்று தோன்றும். ஆனால் மூலச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, திருமணத்தை ரத்து செய்து தீர்ப்பளிக்கும்போது அந்தப் பெண்ணுக்கு மறுமணம் வரை ஜீவனாம்சமும் தங்குமிடமும் தர மாப்பிள்ளைக்கு, அவன் மைனராக இருந்தால் அவனுடைய பெற்றோருக்கு, நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. அந்த உதவி தீர்ப்போடு ஒட்டியது. தானாகவே செல்லாமல் போன திருமணத்துக்குத் தீர்ப்பு எதற்கு என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால், அவள் ஜீவனாம்சத்துக்காகத் தனியாக வாதாட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பக்கத்திலும் ஓர் இடுக்கு உண்டு. 15 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள் 20-க்குள் ரத்து மனுவைப் போட்டுவிட வேண்டும். அந்தக் கெடு தவறினால் அடுத்து ஓய்வூதியக் கதவு திறப்பது 30-இல்.

இங்கேதான் மிகக் கனமான ஆட்சேபம் வருகிறது. இளவயது மனைவிக்கும் தாய்க்கும் பணம் கொடுத்தால், சீக்கிரம் கட்டிக்கொடுங்கள் என்று அரசே ஊக்குவித்ததாகாதா? 19, 21 என்ற வரம்புகள் ஒரு செய்தியைச் சொல்கின்றனவே? இதை லேசாகத் தள்ள முடியாது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 1989-இல் தொடங்கிய காலத்திலேயே, பெண்ணுக்கு 18 நிறைய வேண்டும், இத்தனாவது வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்துப் பெற்றோரின் கணக்கை மாற்றப் பார்த்தது. அது நியாயமான வழி, ஏனென்றால் முடிவெடுப்பவர் கைக்கே பரிசு போனது. 2022 செப்டம்பர் 5 அன்று அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, கல்லூரிக்குப் போகும் மாணவிக்கே மாதம் ₹1,000 போனபோது இன்னும் நியாயமானது. மகப்பேறு உதவியை மறுப்பது அப்படி வேலை செய்யாது. கல்யாணத்தை முடிவு செய்பவர்கள் அப்பனும் மாப்பிள்ளை வீட்டாரும், தண்டனை விழுவதோ வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் மீது. அடுத்த தெருவில் நடக்கப்போகும் கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்கு அந்த இழப்பு யாருக்கும் உறைப்பதில்லை. இதற்கு நாட்டளவில் ஒரு சான்றும் இருக்கிறது. மத்திய அரசின் பிரசவ உதவியான ஜனனி சுரக்ஷா திட்டத்தில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் 19 வயது, இரண்டு பிரசவம் என்ற நிபந்தனைகள் இருந்தன. 2013 மே மாதம் ஏழைப் பெண்களுக்கு அவற்றை நீக்கினார்கள். 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18-க்கு முன் மணமானவர்கள் பங்கு, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2015–16-இல் 26.8 சதவீதம், 2019–21-இல் 23.3. தமிழ்நாட்டில் 16.3-லிருந்து 12.8. இரண்டாவது கணக்கெடுப்பில் பேசிய பெண்கள் பெரும்பாலும் 2013-க்குப் பிறகு 18-ஐக் கடந்தவர்கள். வரம்பை நீக்கியதால்தான் குறைந்தது என்று நான் சொல்லவில்லை, அந்தத் தொகை சில நூறு ரூபாய்தான், ₹18,000-க்கு ஈடாகாது என்பதும் உண்மை. வரம்பை நீக்கினால் அணை உடையும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். (கர்நாடகத்தில் இதே எண் 21.4-லிருந்து 21.3 என்று அசையாமல் நின்றது. அதைக் காட்டி 2017 திருத்தம் தோற்றது என்பவர்களும் அவசரப்படுகிறார்கள். அந்தப் பெண்கள் பெரும்பாலும் திருத்தம் வருவதற்குள் 18-ஐக் கடந்தவர்கள்.)

வரம்பினால் வரும் கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. மகப்பேறு உதவிக்கு ‘பிக்மி’ என்ற கர்ப்பிணிகள் பதிவு வேண்டும். அதற்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வயதைக் கேட்பார், ஆதாரைக் கேட்பார். 18-க்குக் குறைந்தவள் என்றால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் காவல் நிலையத்துக்குப் போயாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2017 அக்டோபர் 11 தீர்ப்புக்குப் பிறகு, மனைவி என்ற காரணம் கணவனைக் காப்பாற்றாது. அது சரியான தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் சிறைக்குப் போனபின் அவளுக்கும் பிள்ளைக்கும் யார் என்ற கேள்விக்கு விடை தயாராக இல்லாதபோது, குடும்பம் கண்டுபிடிக்கும் வழி ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கமே போகாமல் இருப்பது. ரத்தசோகையோடு இருக்கும் 17 வயதுப் பெண் பரிசோதனைக்கே வராமல் பிரசவ வலியோடு நேரே வந்து சேர்வதைவிட ஆபத்தானது எது? 2024 அக்டோபர் 18 அன்று குழந்தைத் திருமணம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமும், வழக்குப் போடுவதை மட்டும் நம்பாமல் தடுப்பதிலும் பாதுகாப்பதிலும் கவனம் வைக்கச் சொன்னது.

அரசு கொடுத்தால் கணவன் கைகழுவிவிடுவான் என்ற இரண்டாவது ஆட்சேபத்துக்குப் பதில் எளிது. கொடுத்துவிட்டு அவனிடம் வசூலிக்கலாம். ஜெர்மனியில் பிரிந்துபோன தந்தை பிள்ளைக்குப் பணம் கட்டாவிட்டால், 1980 முதல் அரசே முன்பணமாகக் கொடுத்துவிட்டு அவனிடம் திரும்பக் கேட்கிறது. தொழிலாளியின் பி.எஃப். எண்ணையும் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் கோத்துவைத்திருக்கும் அரசால் ஒருவனைத் தேடிப்பிடிக்க முடியாது என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. 19 வயதுத் தாயால் முடியாது என்பது மட்டும் உறுதி. பொய்யாகப் பிரிந்ததாகச் சொல்லி வாங்குவார்களே என்ற சந்தேகம் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் வழக்கமாகக் கேட்பது. ஐந்து ஆண்டு என்ற நிபந்தனை அந்தச் சந்தேகத்தில் பிறந்தது. ஜீவனாம்ச மனுவின் எண்ணையோ, குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் தரும் அறிக்கையையோ சான்றாக ஏற்றுக்கொண்டால் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. சும்மா நாடகமாட நீதிமன்றப் படி ஏறுகிறவர்கள் குறைவு. செலவைப் பொறுத்தவரை, 2025–26 நிதிநிலை அறிக்கையில் மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் ₹13,807 கோடி ஒதுக்கிய மாநிலம் இது. அந்த அளவோடு வைத்துப் பார்த்தால், கைவிடப்பட்டவர்களுக்கான வயதை 30-லிருந்து 18-க்கு இறக்குவது கஜானாவைக் கவிழ்க்கும் காரியமாகத் தெரியவில்லை. அந்த வயதுக்குள் கைவிடப்பட்டு, ஆதரவும் இல்லாமல், விண்ணப்பிக்கவும் துணிகிறவர்கள் சிறு கூட்டமாகவே இருப்பார்கள். மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் ஒரு கைக்குழந்தையின் மாதச் செலவைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் வயதைக் கேட்பதில்லை, கணவன் என்ன சம்பாதிக்கிறான், மாமனாருக்கு ஓய்வூதியம் வருகிறதா, எந்த மாநிலத்து அட்டை என்றும் கேட்பதில்லை. ஏறினால் சீட்டு. எல்லா உதவியையும் இப்படிக் கொடுக்க முடியாதுதான், பணம் கொடுக்கும்போது ஏழ்மையைச் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஏழ்மையைச் சரிபார்ப்பது ஒன்று, கணவனை அவளுடைய சொத்தாகக் கணக்கிடுவது வேறு. செய்ய வேண்டியவை பெரிய புரட்சி ஒன்றுமில்லை. மகப்பேறு உதவியிலிருந்து வயதை எடுத்துவிட்டு, 18-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதைக் குழந்தைகள் நலக் குழுவின் பார்வையில் அவள் பெயரிலேயே கொடுக்கலாம். உரிமைத் தொகையில் 18 முதல் 21 வரையுள்ள மனைவிகளை, அவர்கள் தனிக் குடித்தனம் என்றால், தலைவியாக ஏற்கலாம். மூன்று ஆண்டுக்கு அது ₹36,000. கைவிடப்பட்ட பெண்ணையும் விதவையையும் ஒரே வயதில் நிறுத்தலாம். இவற்றில் எதுவும் சட்டசபைக்குக்கூடப் போக வேண்டியதில்லை, அரசாணை போதும். 2023 ஆகஸ்ட் தளர்வும் சட்டத் திருத்தம் இல்லாமல்தான் வந்தது.

அதுவரை அந்த 19 வயதுப் பெண்ணுக்குத் திறந்திருப்பது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் அறை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண் என்றாலே இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று கேட்கக் கூடாது. கூடவே எடுத்துப்போக வேண்டியவை ஆதார், கல்யாணத்துக்கு ஏதாவது ஓர் அத்தாட்சி, பிள்ளையின் பிறப்புச் சான்று, கணவன் கடைசியாக வேலை பார்த்த கான்ட்ராக்டரின் பெயர். கணவனின் பழைய ஐ.டி. கார்டு வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் தூக்கிப் போடாமல் கொண்டுபோக வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் பணியாளர் எண்ணை வைத்துத்தான் அவன் எந்த ரோலில் இருந்தான் என்று வக்கீல் தேடத் தொடங்குவார்.